சர்க்கரைவள்ளிப் பாத்தியில் பள்ளிக்கூடம்

ஏப்ராம் லாட்டிமர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் வேலியோரம் வந்து நின்றால் என் மாடுகளுக்குக்கூட விஷயம் புரிந்துவிடும். பிஷப் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கர்னல் அப்படியே படுத்துவிடும். மாடு படுத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்லலாம். எனக்கு அந்த வசதி கிடையாது.

"ஸ்கிப்பியோ தம்பி, நேரமாச்சுல்ல?" என்றார்.

"எதுக்குண்ணே?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தப் பைன்தோப்புக்கு இழுக்கணும்ல. இந்த வருசம் அவுக முறை."

"போன வருசம்தான மேட்டுக்கு இழுத்தோம்?"

"அதனாலதான் இந்த வருசம் அவுக முறைங்கிறேன்."

இப்படிப் பதில் சொல்கிற மனுஷனிடம் என்ன பேசுவது. சட்டசபையில் எட்டு வருஷம் பேசிப் பழகிய வாய் அது. நான் நுகத்தடியைத் தேடப் போனேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒற்றை அறை மரக்கட்டிடம். அது ஒரு வருஷம் பாப்டிஸ்ட்காரர்கள் இருக்கும் மேட்டில் நிற்கும். மறு வருஷம் மெத்தடிஸ்ட்காரர்கள் இருக்கும் பைன்தோப்பில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே பாதை ஓரத்தில் லாட்டிமர் வீடு. எங்கே கட்டுவது என்று இரண்டு சபைக்காரர்களும் அடித்துக்கொண்டபோது, அன்றைக்கு மாவட்டப் பள்ளிகளுக்கெல்லாம் அதிகாரியாக இருந்த லாட்டிமர் சொன்ன தீர்ப்பு இது. சாலொமோன் ராஜா பிள்ளையை வெட்டச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டான், நம் ஆள் வெட்டாமல் வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு அலையச் சொல்கிறார் என்று லாட்டிமர் பெண்சாதி கெஸியா அப்போதே சொன்னாள். யார் கேட்டார்கள்? ஆகா என்ன புத்தி, என்ன நியாயம் என்று இரண்டு சபையும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கின.

வேறு ஊர்க்காரர்களுக்கு இந்த யோசனையே வந்திருக்காது. எங்களுக்கு வரும். அடிமைத்தனம் ஒழிந்து விடுதலை வந்த வருஷம் எங்கள் கறுப்புச் சனங்கள் செய்த முதல் வேலை, துரை பங்களாவுக்குப் பின்னால் வரிசையாக நின்ற எங்கள் குடிசைகளை உருளைக்கட்டை மேல் ஏற்றி, மாட்டைப் பூட்டி, ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனதுதான். காலையில் கதவைத் திறந்தால் துரை முகத்தில் விழிக்கக்கூடாது, அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டு வீடுகளை இழுத்தோம். அன்றிலிருந்து, எந்தச் சண்டையானாலும் கட்டிடத்தை இழுத்துவிட்டால் தீர்ந்துபோகும் என்று எங்கள் புத்தியில் ஊறிவிட்டது. குடிசையை ஒருமுறைதான் இழுத்தோம் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டிடத்தின் மூட்டு ஒன்று கழன்றது. புகைபோக்கியை இடித்துவிட்டுத்தான் இழுக்க முடியும், போன இடத்தில் செங்கல்லும் களிமண்ணும் வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். பருத்திக்குக் கடைசிக் களை வெட்டி முடித்ததிலிருந்து காய் வெடிக்கும் வரைக்கும்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். காய் வெடித்துவிட்டால் பிஞ்சுக் கையெல்லாம் பருத்திக் காட்டில். கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாளில் பாதியை இழுப்பதிலும் கட்டுவதிலும் தின்றுவிடுவோம்.

ஏன் போகிறாய் என்று கேட்கலாம். எங்களில் ஒருவன் எழுத்தைத் தொட்டால் சவுக்கடி என்றிருந்த காலத்தில், கொல்லுப் பட்டறையில் கரித்துண்டால் தரையில் எழுதி எழுதி அழித்துக் கற்றுக்கொண்டவர் லாட்டிமர். வடக்கும் தெற்கும் போட்ட யுத்தம் முடிந்த கோடையில் கிளைகளை வெட்டிப் பந்தல் போட்டு, பகலில் பிள்ளைகளுக்கும் பொழுது சாய்ந்தால் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். என் கையைப் பிடித்து என் பெயரை எழுத வைத்தவர். பிறகு பள்ளிகளுக்கு அதிகாரி, பிறகு மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் சட்டசபை. செஞ்சட்டை போட்ட வெள்ளைக்காரக் கூட்டம் துப்பாக்கியோடு குதிரையில் வந்து எங்கள் ஆட்களைப் பதவிகளிலிருந்து விரட்டிய பிறகும், அந்தச் சபையில் மிச்சமிருந்த சிலரில் அவரும் ஒருவர். எழுந்து நின்று எங்கள் பிள்ளைகளுக்கான பள்ளிப் பணத்தைத் தொடாதே என்று சொல்ல அங்கே அவரைப் போல ஆள் கிடையாது. அதனால்தான் திட்டிக்கொண்டே மாட்டைப் பூட்டினேன்.

புதன்கிழமை இழுக்க ஆரம்பித்தோம். வியாழக்கிழமை மதியம் லாட்டிமர் வீட்டுப் பக்கம் வரும்போது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பாதை குழைந்தது. முன் உருளை ஒரு பக்கமாக அமுங்க, கட்டிடம் மெல்லச் சரிந்து, வேலியை நசுக்கிக்கொண்டு கெஸியாவின் சர்க்கரைவள்ளிப் பாத்தியில் போய் உட்கார்ந்தது. கொடி படர்ந்து கிழங்கு கட்ட ஆரம்பித்திருந்த பாத்தி. அந்த வீட்டுக்குக் குளிர்காலம் முழுவதும் சோறு அதுதான்.

கெஸியா வீட்டு முற்றத்தில் இரும்புக் கொப்பரை வைத்து ஊர்த் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். டவுன் வெள்ளைக்காரர்கள் துணி, சபை மூப்பர்கள் சட்டை எல்லாம் அவளிடம்தான் வரும். கிளறுகிற துடுப்போடு வந்து, மழையில் நனைந்தபடி, பாத்தியையும் கட்டிடத்தையும் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"கனம் பொருந்திய ஐயா எங்க?" என்று என்னைக் கேட்டாள்.

லாட்டிமர் கட்டிடத்தின் மறுபக்கம் நெம்புகோலோடு நின்றிருந்தார். இடுப்பு வரைக்கும் சேறு. "கெஸியா, கோவப்படாத. நாளைக்கு மழை விட்டதும் எடுத்துருவோம்."

"எடுத்து?"

"பைன்தோப்புக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பள்ளிக்கூடம் ஆரம்பிக்க வேண்டியதுதான்."

"புகைபோக்கி யாரு கட்டுவா? பின்சுவர் பிளந்துகிட்டு நிக்கிதே, அத யாரு சேப்பா? அதுக்குள்ள பருத்தி வெடிச்சிரும். ஆர்மிண்டா இன்னைக்கு வாரா. அவகிட்ட என்ன சொல்லப் போறீக?"

ஆர்மிண்டா அவர்களுடைய மகள். பெற்ற பிள்ளைகளில் தங்கியது அவள் ஒருத்திதான். வாத்தியார் பயிற்சி முடித்து இந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதாக இருந்தது. வெளியூர் மிஷன்காரர்களும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே செங்கல் கட்டிடம், இரும்பு அடுப்பு, வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் அவள் கோவேறு கழுதை வண்டியிலிருந்து இறங்கியபோது, பள்ளிக்கூடம் சாய்ந்தவாக்கில் அம்மாவின் கிழங்கு மேல் உட்கார்ந்திருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட என்னையும் உட்கார வைத்தாள் கெஸியா. பன்றிக் கொழுப்பு போட்டு வேகவைத்த காராமணி, மக்காச்சோள ரொட்டி, மோர். யாருக்கும் இறங்கவில்லை. எனக்கு இறங்கியது, காலையிலிருந்து மாட்டோடு மல்லுக்கட்டியவன் நான்.

"அப்பா, திங்கக்கிழமை வரைக்கும் இருப்பேன்," என்றாள் ஆர்மிண்டா. "திங்கக்கிழமை காலையில பிள்ளைக உள்ள உக்காந்து நான் பாடம் சொல்லணும். இல்லேன்னா மிஷன்காரங்களுக்கு வாரேன்னு சொல்லிருவேன்."

"அதுக்கென்ன, ஆரம்பிச்சிருவோம்."

"நீங்க எல்லாத்துக்கும் அதுக்கென்னங்கிறீங்க."

"சனிக்கிழமை கட்சிக் கூட்டம் முடியட்டும்மா. இந்தத் தடவையும் என்னைத்தான் நிறுத்தணும். நான் அங்க இல்லேன்னா நம்ம பிள்ளைக பள்ளிக்கூடப் பணத்த வெட்டிருவானுக. வாத்தியாருக்குச் சம்பளமே இருக்காது. ரெண்டு சபைக்காரங்க ஓட்டும் இல்லாம என்னால நிக்க முடியாது. இது ஏன் உங்களுக்குப் புரிய மாட்டேங்குது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சலே. கெஸியா ரொட்டியைப் பிட்டு அவர் தட்டில் வைத்தாள்.

"நீங்க அங்க இருந்து காப்பாத்துறீக, சரி. காப்பாத்துன பள்ளிக்கூடம் எங்க இருக்கு? வெளிய போய்ப் பாருங்க. எம் பாத்தில கெடக்கு. எட்டு வருசமா கொலம்பியாவுல பேசுறீக. இந்த எட்டு வருசத்துல ஒரு கோடை, ஒரே ஒரு கோடை முழுசா, இங்க பிள்ளைக படிச்சுச்சா? எனக்கு எம் மக பக்கத்துல இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. உங்ககிட்ட நான் வேற என்ன கேட்டிருக்கேன்?"

லாட்டிமர் ரொட்டியை எடுத்து வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. செய்தி கேட்டு இரண்டு சபை மூப்பர்களும் வந்துவிட்டார்கள். மேட்டிலிருந்து வந்த எல்கானா நெட்டையானவர், எதையும் குறைசொல்லிக்கொண்டே பார்ப்பவர். பைன்தோப்பு ஸ்டெப்னி குட்டையானவர், சிரித்துக்கொண்டே குறைசொல்வார்.

"எல்லையத் தாண்டல பாத்தீரா," என்றார் எல்கானா. "பாதி வழிலயே நின்னுருச்சு. கர்த்தருக்கே இதப் பைன்தோப்புக்கு விட மனசில்ல. திரும்ப மேட்டுக்கு இழுங்கப்பா."

"கர்த்தர் மழையத்தான் அனுப்புனாரு. பாதையச் சரியாப் போடாதது மேட்டுக்காரங்க," என்றார் ஸ்டெப்னி. "எங்க முறை எங்க முறைதான்."

"உங்க முறையில போன தடவை கூரைப் பலகை ரெண்டு காணாமப் போச்சே, அது எங்க?"

"உங்க கோழிக்கூட்டப் போய்ப் பாரும்."

கட்டிடத்துக்குள் அப்போது ஆர்மிண்டா ஈரமான பெஞ்சுகளைத் தனியாளாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பார்வை பார்க்க இரண்டு மூப்பருக்கும் தோன்றவில்லை.

லாட்டிமர் ஸ்டெப்னியைக் கொப்பரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "மூப்பரே, நாளைக்கு விடியக்காலமே பைன்தோப்புல நிக்கும். எம் பேச்சு. கூட்டத்துல உங்க ஆளுக என் பக்கம் கைதூக்கணும்." ஸ்டெப்னி போனதும் எல்கானாவை இறைச்சிக்குப் புகைபோடுகிற கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "மூப்பரே, கூட்டம் முடியட்டும். அடுத்த வாரமே மேட்டுக்குத் திருப்பிருவோம். எம் பேச்சு." மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் காதில் இரண்டும் விழுந்தன. கொப்பரையில் துணி கிளறிக்கொண்டிருந்த கெஸியா காதில் முதலாவது விழுந்தது. இரண்டாவதை நான் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லைதான், ஆனால் அவர் இரண்டு இழுப்புக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், இழுக்க வேண்டியது என் மாடு.

"ரெண்டு பேருகிட்டயுமா?" என்றாள்.

"ஆமக்கா."

"சரி. நாளைக்கு மாட்ட ஓட்டிக்கிட்டு மெதுவா வா, தம்பி."

மெதுவாகத்தான் போனேன். விடிந்து வெயில் வந்துவிட்டது. பைன்தோப்பு ஆட்கள் கயிறும் நெம்புகோலுமாக வந்து, கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கட்டிடம் பாத்தியிலேயே நேராக நிமிர்ந்து, நான்கு மூலைக்கும் கல் முட்டுக்கொடுத்து நின்றது. அம்மாவும் மகளுமாக ராத்திரியோடு ராத்திரியாக நெம்பி வைத்திருக்கிறார்கள். உருளைக்கட்டை ஒன்றுகூட இல்லை.

அவை சாமானியக் கட்டைகள் அல்ல. முற்றிய ஓக் மரத்தில் உருட்டிச் செதுக்கி, வருஷக்கணக்காக நிழலில் காயவைத்தவை. எங்கள் குடிசைகளை இழுத்த அதே கட்டைகள். பச்சை மரத்தை வெட்டிப் போட்டால் பாரம் தாங்காமல் நசுங்கிப்போகும்.

முற்றத்தில் புகை கனமாக எழும்பியது. கொப்பரைக்கு அடியில் பார்த்தேன். கடைசிக் கட்டையின் முனை செக்கச்செவேலென்று கனன்றது. கொப்பரைக்குள் மூப்பர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள் சாம்பல் சவுக்காரத்தில் கொதித்துக்கொண்டிருந்தன.

லாட்டிமர் கொலம்பியாவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டோடு, கூட்டத்துக்குக் கிளம்பி, வாசலில் வந்து நின்றார். பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது.

"கெஸியா, என்ன காரியம் செஞ்ச?"

"துணி வெளுக்கிறேன். ஈர வெறகு பிடிக்க மாட்டேங்குது. இது நல்லா எரியுது."

"அது நம்ம வீட்ட இழுத்த கட்டை."

"ஆமா. நம்ம வீட்ட இழுத்தோம், நிறுத்துனோம். அதுக்கப்புறம் நம்ம வீடு எங்கயாச்சும் போச்சா?"

"கூட்டத்துல நான் என்ன பதில் சொல்லுவேன்? நான் ஆயுசெல்லாம் சேத்தத நீ ஒரு காலையில எரிச்சிட்டியே."

"எம் பொண்டாட்டி எரிச்சிட்டான்னு சொல்லுங்க. உங்க பேரு கெடாது."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது, அவர் மேலும் கோபம் வந்தது, தலையைச் சொறிந்துகொண்டு நின்ற பைன்தோப்பு ஆட்கள் மேல் அதைவிடக் கோபம் வந்தது. அவர் பொண்டாட்டியைக் குறை சொல்லவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு டவுனுக்கு நடந்தார்.

கூட்டத்தில் ஸ்டெப்னி எழுந்து, விடியற்காலை பள்ளிக்கூடம் வரும் என்றாரே, எங்கே என்று கேட்டார். எல்கானா எழுந்து, எனக்கு அடுத்த வாரம் என்றல்லவா சொன்னார் என்றார். அதற்கப்புறம் லாட்டிமர் எவ்வளவு அழகாகப் பேசி என்ன? இரண்டு சபை ஆட்களும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றாகக் கைதூக்கினார்கள், வேறொரு ஆளுக்கு. அந்த ஆள் டவுனில் வண்டி வாடகைக்கு விடுகிறவன். சட்டசபையில் எழுந்து நிற்கத் தைரியம் உள்ளவனா என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை காலை ஆர்மிண்டா கைமணி அடித்தாள். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளை அனுப்பக்கூடாது என்று இரண்டு மூப்பரும் சொல்லியிருந்தார்கள். ஆனால் கட்டை எரிந்த கதை அதற்குள் எல்லா அடுப்படிக்கும் போய்விட்டிருந்தது, இரண்டு பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டார்கள். எல்கானா பேத்தியும் ஸ்டெப்னி பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, யார் யாரைத் தள்ளுவது என்று ஆரம்பித்தார்கள். பின்சுவரை நானும் கெஸியாவும் சேர்த்துப் பலகை அடித்தோம். மிஷன்காரர்களுக்கு வரவில்லை என்று ஆர்மிண்டா சொல்லி அனுப்பினாள். அவள் சம்பளம் அடுத்த வருஷம் வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாது.

லாட்டிமர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பெண்சாதியோடு பேச்சில்லை. போட்டதைச் சாப்பிட்டார். அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கெஸியாவும் சமாதானம் பேசவில்லை. செய்தது தப்பென்று அவள் நினைக்கவில்லை, அவருக்கு வலிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வாரம் போல இப்படியே போனது. நான் போகும்போதெல்லாம் இருவரும் என்னிடம் பேசினார்கள், ஒருவரிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவர் காதில் விழும்படி. எனக்கென்ன தலையெழுத்து.

வெயில் படாமல் பள்ளிக்கூடத்துக்கு அடியில் இருந்த கொடிகள் வெளுக்க ஆரம்பித்தன. ஒரு காலையில் நான் கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது கெஸியா ஒரு கூடையைக் கொண்டுபோய்ப் புருஷன் மடியில் போட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அடியில போய்க் கிடைக்கிற கிழங்கத் தோண்டுங்க. அழுகிப் போச்சுன்னா மார்கழில தின்ன ஒண்ணுமில்ல. சட்டசபைக்குப் போற அவசரமும் இப்ப உங்களுக்கு இல்ல."

கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ஆள் ஊர்ந்துபோகிற அளவுதான் இடம். கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, குப்புறப் படுத்து உள்ளே நுழைந்தார். முதலில் மண் கிளறும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

"கிழங்கு இருக்கா இல்லையா?" என்று கெஸியா குனிந்து கேட்டாள்.

பதில் இல்லை.

"ஏ தம்பி, என்னன்னு பாரு. நெஞ்சடைச்சுக் கெடக்காரோ என்னமோ."

நான் மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். மனுஷன் மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சின் மேல் ஒரு கிழங்கு, விரல் பருமன்தான். கண்ணை மூடியிருந்தார். அவர் முகத்துக்கு நேர் மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணே?"

"சத்தம் போடாத." கண்ணைத் திறக்கவில்லை. "இடதுபக்க மூலையில ஒருத்தன் எழுத்துக்கூட்டிப் படிக்கல. மனப்பாடமா ஒப்பிக்கிறான். குரல்லயே தெரியுது. ஆர்மிண்டா கவனிக்கல."

நான் வெளியே தலையை எடுத்து அதை அப்படியே கெஸியாவிடம் சொன்னேன். அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப மேல போய் அவகிட்ட சொல்லச் சொல்லு," என்றாள். "கிழங்க நீ தோண்டு."

நான்தானே, வேறு யார். லாட்டிமர் ஊர்ந்து வெளியே வந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல், வேலியில் கிடந்த கோட்டையும் எடுக்காமல், படியேறிப் போனார். நான் குப்புறப் படுத்து உள்ளே போனேன். மேலே படிப்புச் சத்தம் அடங்கியது. பெஞ்சு ஒன்று நகர்ந்தது. பிறகு அவர் குரல் கேட்டது, கிளைப்பந்தலுக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய அதே குரல்.

"பயப்படாத. அவசரம் ஒண்ணுமில்ல. முதல் எழுத்துலருந்து சொல்லு."

எவனோ ஒரு பொடியன் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தான். நான் கையை மண்ணுக்குள் விட்டபடியே கிடந்தேன். வெளியே, வெளிச்சத்தில், கெஸியாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"என்ன தம்பி, நீயும் படுத்துட்டியா?" என்று அதட்டினாள். கொப்பரையில் துணி கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பாதங்கள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.